வண்டியோடு தங்க ஓர் இடம்
தென்பாண்டிப் பிரயாணம் – 4

சென்ற கட்டுரையின் முடிவில் திருமங்கலத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தோம். படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்திய வேன் ஒன்றில், மதுரை மாநகரத்திலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்துக்குள், விடுதியை நாடாமல் வண்டியிலேயே இராப்பொழுதைக் கழிக்கத் தக்க இடங்கள் எவை என்று பார்த்துவருவது எங்கள் பிரயாணத்தின் நோக்கம் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் ஆகிய கரிசல் பிரதேசத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அமெரிக்கா போன்ற தேசங்களில் இத்தகைய வண்டிகளுக்கென்றே மின்சாரமும் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் அமைத்த விசாலமான மைதானங்கள் பெருநகரங்களைச் சுற்றிலும் உண்டு. நமக்கு அண்டையிலுள்ள கேரளம் 2021-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு கொள்கையே வகுத்து, அடுத்த ஆண்டிலேயே வாகமண் மலையில் ஒரு காரவான் பூங்காவைத் திறந்துவிட்டது. 1985-ஆம் ஆண்டில் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த இந்த விருதுநகர் மாவட்டத்திலோ அப்படிப் பெயர்ப்பலகை தொங்கும் மைதானம் ஒன்றையும் நாங்கள் காணவில்லை. ஆயினும், ஆண்டுக்கு ஒரு முறையாவது வேன் பிடித்து, அண்டாவும் அரிசியும் கிடாயும் ஏற்றிக்கொண்டு, குலதெய்வக் கோயிலுக்குப் போய் மரத்தடியில் பொங்கலிட்டுப் படுத்துறங்கித் திரும்புகிற ஜனங்கள் நிறைந்த சீமையிலே, வண்டியோடு தங்குகிற வித்தையை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டிய அவசியமில்லை. ஆகையால், ஊரார் எங்கே தங்குகிறார்கள் என்று விசாரித்து, அந்த வழியிலேயே போவது என்று தீர்மானித்தோம்.

முதலில் பார்க்க வேண்டியது நிலம். கரிசல் மண் கோடையில் கல்லாக இறுகிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு மழை விழுந்தாலோ சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. வண்டியை மீட்க டிராக்டர்காரரைத்தான் தேடிப் போகவேண்டும். எனவே கண்ணுக்கு எவ்வளவு ரம்மியமாக இருந்தாலும், கரிசல் காட்டுக்குள் வண்டியை இறக்காமல் சரளை பரப்பிய தரையிலேயே நிறுத்துவது உசிதம். சீமைக் கருவேல மரத்து நிழலும் ஆகாது. அதன் முள் டயரைத் துளைத்துவிடும். தண்ணீரோ, பல ஊர்களில் குடக் கணக்கில் விலைக்கு வாங்கும் வஸ்து. தொட்டியை மதுரையிலோ விருதுநகரிலோ நிரப்பிக்கொண்டு புறப்படுவதே புத்திசாலித்தனம்.

நிலத்துக்கு அடுத்தது நெருப்பு. வேறெந்த மாவட்டத்திலும் இதைப் பற்றித் தனியாக எழுதியிருக்க மாட்டேன். ஆனால் சிவகாசியைச் சுற்றி இராத் தங்க நினைப்பவருக்கு இதைவிட முக்கியமான விஷயம் வேறில்லை. 1920-களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை குறைந்த இந்த வறண்ட பூமி அத்தொழிலுக்கு இசைந்ததாக இருக்கவே அது வேரூன்றிப் பட்டாசாகவும் கிளைத்து, இன்று வெம்பக்கோட்டைச் சாலையிலும் சாத்தூர்ச் சாலையிலும் காடெல்லாம் பரந்து கிடக்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இந்தத் தொழிற்சாலைகள், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு, வேப்ப மரங்களுக்கிடையே கட்டிய சிறுசிறு அறைகளாகவே தோன்றும். ஓர் அறையில் விபத்து நேர்ந்தால் அடுத்ததைத் தொடாதிருக்க அந்த இடைவெளி. உள்ளே இருப்பவர் எந்தப் பக்கமும் ஓடித் தப்பப் பல வாசல்கள். அத்தனை முன்னேற்பாட்டுக்குப் பிறகும் உயிர்ச்சேதம் நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதை நாம் பத்திரிகைகளில் படிக்கிறோம்.

அப்படிப்பட்ட ஒரு வேலியை ஒட்டி, புளிய மரத்து நிழலில் சற்று இளைப்பாறலாமா என்று எங்கள் ஓட்டுநர் காவல்காரரிடம் கேட்டார். அறுபது வயது மதிக்கத்தக்க அந்தப் பெரியவர் வண்டியை ஒரு முறை சுற்றிவந்து, ஜன்னல் வழியே உள்ளேயிருந்த அடுப்பைப் பார்த்துவிட்டு, "நிழலுக்கு எம்புட்டு நேரம் வேணாலும் நில்லுங்க அண்ணாச்சி, அடுப்ப மட்டும் பத்த வச்சிராதீக. காப்பி போடணும்னா அந்தா தெரியுற கண்மாய்க்கு அங்கிட்டுப் போயிருங்க" என்றார். குரலில் கடுமை இல்லை. ஆனால் நாங்கள் புறப்படும் வரையில் அவர் வேலியை விட்டு நகரவும் இல்லை. சட்டம் தொழிற்சாலைக்கு உள்ளே விதிப்பதை, இந்த ஜனங்கள் வேலிக்கு வெளியேயும் தாமாகவே கடைப்பிடிக்கிறார்கள். பட்டாசுக் காட்டில் இரவு வண்டி நிறுத்துவது கூடாது என்ற முடிவுக்கு அந்த நிழலிலேயே வந்துவிட்டோம்.

மறுநாள் மேற்கே மலையடிவாரத்தை நாடினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் கோபுரம் நெடுந்தொலைவிலிருந்தே வழிகாட்டுகிறது. தரிசனம், பால்கோவா, சந்தடி எல்லாம் ஒருங்கே கிடைக்கும் ஊர். ஓரிரவு தங்கச் சௌகரியமானது. ஆடிப்பூரத் தேரோட்டச் சமயத்தில் மட்டும் வண்டியோடு உள்ளே நுழைய நினைக்க வேண்டாம். ஊருக்கு மேற்கேயுள்ள செண்பகத்தோப்பின் குளிர்ச்சி மனத்தை இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மலைப்பகுதி 1988 முதல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாக இருந்து, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே இரவு தங்குவதற்கில்லை. சதுரகிரிக்கு ஏறும் தாணிப்பாறை அடிவாரத்திலோ, அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் வண்டிகளின் நெரிசலில் காற்றும் புகாது. மலையில் பெய்யும் மழை ஓடைகளில் திடீரென்று வெள்ளமாக இறங்கி, 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் பக்தர்களின் உயிரைக் கொண்டுபோயிற்று. மலையடிவாரத்தைப் பகலில் பார்த்துவிட்டு, பொழுது சாயுமுன் சமவெளிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியில் எங்களுக்கு வாய்த்த இடம், சாத்தூருக்குக் கிழக்கே அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இருக்கன்குடி. மாரியம்மன் சந்நிதியைச் சுற்றியுள்ள வெளி முழுவதும், வண்டியில் வருகிறவர்களுக்காகவே காலம் காலமாகப் பழகிப்போன வெளி. நோய் தீர வேண்டிக்கொண்டு நாட்கணக்கில் கோயிலிலேயே தங்கியிருப்பவர்களும் இங்கே உண்டாகையால், யாத்திரிகர் தங்குவதைக் கண்டு எவரும் புருவம் உயர்த்துவதில்லை. நாங்கள் நிறுத்திய சிறிது நேரத்தில் பக்கத்தில் ஒரு வேன் வந்து நின்றது. பாட்டி முதல் கைக்குழந்தை வரை இறங்கினார்கள். கிடாயைப் பின்பக்கக் கம்பியில் கட்டினார்கள். மூன்று கற்களைக் கூட்டி, காற்று வரும் திசைக்கு ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்தி, பெண்கள் உலை வைத்துவிட்டார்கள். எங்கள் வண்டியின் மடக்குமேசையை விரித்து முடிப்பதற்குள் அவர்கள் பானையில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கய்யா, வெளியூருகாரக" என்று அந்தப் பாட்டி இலை போட்டு உட்காரவைத்த உபசாரத்தை எந்தக் கட்டண மைதானத்திலும் பெற முடியாது.

குறைகள் இல்லாமலில்லை. ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று லட்சக்கணக்கில் ஜனம் கூடும். அப்போது போவது பக்திக்கு உகந்ததேயன்றி ஓய்வுக்கு உகந்ததன்று. ஆற்று மணல் காலாற நடக்கச் சுகமானது. மழை மாதங்களில் வண்டியை அதில் இறக்கக் கூடாது. கழிப்பறைகளின் சுத்தம் இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும். குப்பைக்குத் தனி இடமும், வண்டிகளுக்கு ஒரு குடிநீர்க் குழாயும், இரவு விளக்கும் கூடுதலாக ஏற்படுத்தினால், கோடிகள் செலவிட்டுப் புதுப் பூங்கா கட்டுவதைவிட அதிக நன்மை விளையும் என்று உரியவர்களுக்கு விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

வண்டியோடு தெற்கே வருகிற அன்பர்கள், வெள்ளி, செவ்வாய் தவிர்த்த நாளாகப் பார்த்து, தொட்டியை நிரப்பிக்கொண்டு, சாத்தூர்ச் சந்தையில் வெள்ளரிக்காயும் காராச்சேவும் வாங்கிக்கொண்டு இருக்கன்குடிக்குப் போங்கள். வழியில் பட்டாசு ஆலைகள் உள்ள இடங்களில் அடுப்பையும் சிகரெட்டையும் மறந்துவிடுங்கள். அடுத்த வாரம் இராஜபாளையம் வழியாகக் குற்றாலத்துக்குப் போகிறோம்.