கேட்கத் தெரிந்த ஊர்

லக்னோவின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா 1856 மே மாதத்தில் கொல்கத்தா வந்து சேர்ந்தார். அவருடைய அவத் நாட்டை அதே ஆண்டு பிப்ரவரியில் ஆங்கிலேயர் பறித்திருந்தார்கள். லண்டன் வரை போய் முறையிடும் எண்ணத்தோடு கிளம்பியவர் உடல்நலம் குன்றி இங்கேயே தங்கிவிட, அவருடைய தாயார்தான் கப்பலேறினார். ஹூக்ளி ஆற்றங்கரையில் மட்டியாபுர்ஜ் என்ற இடத்தில் நவாப் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து 1887-இல் இறந்தார். அரசு போனாலும் அரசவை போகவில்லை. பாடகர்களும் கதக் ஆடுவோரும் சாரங்கி வாசிப்போரும் சமையல்காரர்களும் அவரைத் தேடி வந்து மட்டியாபுர்ஜில் குடியேறினார்கள். வங்காளத்து ஜமீன்தார்கள் டும்ரி என்ற பாட்டு வகையைக் கேட்கப் பழகியதில் அந்தக் குடியேற்றத்துக்குப் பெரும் பங்குண்டு. கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு கிடப்பதற்கும் நவாபின் அடுப்படியையே காரணமாகச் சொல்வார்கள்.

கொல்கத்தாவுக்குப் போகும் தமிழர்கள் பெரும்பாலும் விக்டோரியா நினைவகம், ஹவுரா பாலம், காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம் என்று ஒரு பட்டியலோடு போகிறார்கள். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்தப் பட்டியல் மாலை ஆறு மணிக்கு முடிந்துவிடும். ஊரின் பெரிய செல்வம் அதற்குப் பிறகே வெளியே வருகிறது. காது கொடுத்துக் கேட்பதை ஒரு கலையாகவே வளர்த்த நகரம் இது. இங்கே வருகிறவர்கள் பகலைச் சற்றுக் குறைத்துக்கொண்டு இரவுக்கு இடம் விட வேண்டும் என்பது என் கட்சி.

பகலில் ஒரே ஒரு தெருவுக்கு நேரம் இருந்தால் ரவீந்திர சரணிக்குப் போகலாம். பழைய பெயர் சித்பூர் சாலை. லால்பஜார் பக்கத்திலிருந்து நடக்கத் தொடங்கினால் இசைக்கருவிக் கடைகள் தொடர்ந்து வரும். சித்தார், எஸ்ராஜ், தபலா, ஆர்மோனியம். நம் ஊர் நாடக மேடைகளிலும் பஜனை மடங்களிலும் ஒலித்த ஆர்மோனியத்துக்கு இந்த நகரம்தான் தாய்வீடு. ஐரோப்பாவிலிருந்து வந்த கால்மிதிப் பெட்டியைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி அசைத்து வாசிக்கும்படி 1875-இல் மாற்றியமைத்தவர் துவாரகாநாத் கோஷ் என்ற கொல்கத்தாக்காரர்.

அதே சாலையை ஒட்டித்தான் தாகூர் பிறந்து, வளர்ந்து, 1941-இல் இறந்த ஜோராசாங்கோ மாளிகை இருக்கிறது. பாடகி கௌஹர் ஜான் வாழ்ந்ததும் சித்பூர்ப் பக்கம்தான். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பெர்க் கொல்கத்தா வந்து, ஓட்டல் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி அவரைப் பாட வைத்தார். மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகத்தைச் சொல்லி முடிக்கும் வித்தையை இந்தியப் பாடகர்கள் கற்றது அந்த நாள்களில்தான். கம்பெனி 1908-இல் சியால்தாவில் இசைத்தட்டு ஆலை போட்டது. பிறகு டம்டமுக்குப் போனது. தமிழ்நாட்டு வீடுகளில் சுழன்ற எச்.எம்.வி. தட்டுகளும் அங்கே அச்சாகி வந்தவையே.

இந்திய அருங்காட்சியகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1814-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கால்தான் வலிக்கும். பர்ஹுத் தூபியின் செந்நிறக் கல்வேலி இருக்கும் கூடத்தில் மட்டும் நின்று நிதானமாகப் பாருங்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தச் சிற்பங்களில் இசைப்பவர்களும் ஆடுபவர்களும் இருக்கிறார்கள்.

அருங்காட்சியகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பார்க் ஸ்ட்ரீட். அன்னை தெரசா சரணி என்று 2004-இல் பெயர் மாற்றினாலும் ஊரார் வாயில் பழைய பெயரே நிற்கிறது. இந்தத் தெருவின் கிழக்குக் கோடியில் 1767-இல் திறந்த ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பிரமிடுகளும் கோபுரங்களுமாக, மரநிழலில் பாசி பிடித்துக் கிடக்கும் அந்தக் கல்லறைகளில் சமஸ்கிருத அறிஞர் வில்லியம் ஜோன்ஸின் கல்லறையும் ஒன்று. வங்காள இளைஞர்களைக் கேள்வி கேட்கத் தூண்டி, 22 வயதிலேயே இறந்துபோன ஆசிரியர் டெரோசியோவும் அங்கேதான் உறங்குகிறார். மாலையில் அதைப் பார்த்துவிட்டு மேற்கே நடந்தால் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும்.

பார்க் ஸ்ட்ரீட்டின் இசைக்கு முன்கதை சௌரங்கிச் சாலையின் கிராண்ட் ஓட்டலில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொல்கத்தாவில் அமெரிக்கப் படையினர் குவிந்திருந்தார்கள். டெடி வெதர்ஃபோர்டு என்ற கறுப்பின அமெரிக்கப் பியானோக் கலைஞர் அந்த ஓட்டலில் ஜாஸ் குழு நடத்தினார். 1945-இல் காலரா கண்டு இந்த ஊரிலேயே இறந்தார். அவரோடும் அவரைப் போன்றவர்களோடும் வாசித்துப் பழகிய ஆங்கிலோ இந்தியர், கோவாக்காரர் கைகளில் ஜாஸ் இந்த மண்ணில் வேர்விட்டது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ், சிவப்புக் காற்றாடி வைத்த மூலான் ரூஜ் என்று உணவகத்துக்கு உணவகம் மேடை. பாம் கிரெய்ன் பாடினார். பிராஸ் கோன்சால்வஸ் சாக்ஸபோன் வாசித்தார். டார்ஜிலிங்கில் பிறந்த லூயிஸ் பேங்க்ஸ் பின்னர் பியானோவில் வந்து சேர்ந்தார்.

1969-இல் டிரிங்காஸ் மேடையில் பட்டுப்புடவையும் பெரிய பொட்டும் மல்லிகைப்பூவுமாக ஒரு பெண் வந்து நின்றார். மும்பையில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். சென்னை அண்ணா சாலையில் சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் விடுதியில் பாடத் தொடங்கியவர். கவுன் அணிந்த பாடகிகளையே பார்த்துப் பழகிய தெருவுக்குக் காஞ்சிபுரத்தையும் கனத்த குரலையும் கொண்டுவந்த உஷா உதுப், பிறகு கொல்கத்தாவையே தம் ஊராக்கிக்கொண்டார். கொல்கத்தாக்காரர்கள் அவரை எங்கள் தீதி, அதாவது அக்கா, என்று உரிமையோடு சொல்வார்கள். அந்த உரிமையைக் கொடுத்தவர்கள் முதலில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள்தான்.

பிறகு தேய்வு வந்தது. மேடை இசைக்குப் போட்ட கேளிக்கை வரி உணவகங்களை நெருக்கியது. எழுபதுகளின் அரசியல் கொந்தளிப்பில் மக்கள் இரவில் வெளியே வர அஞ்சினார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்பின. லூயிஸ் பேங்க்ஸ் மும்பைக்குப் போனார். மேடைகள் ஒவ்வொன்றாக இருண்டன. கிதார்க் கலைஞர் கார்ல்டன் கிட்டோ போன்ற சிலர் மட்டும் ஊரை விடாமல், வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கற்றுக்கொடுத்துக்கொண்டு கடைசிவரை இருந்தார்கள். அவர் 2016-இல் மறைந்தார். இடையில் கௌதம் சட்டோபாத்யாயின் மொஹீனேர் கோராகுலி குழு, நகர வாழ்க்கையை வங்காள மொழியிலேயே கிதாரோடு பாடிக் காட்டியது. எழுபதுகளில் ஊர் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தொண்ணூறுகளில்தான் ஒரு தலைமுறையே அந்தப் பாட்டுகளைத் தேடியெடுத்துப் பாடியது. இன்றைய வங்காள ராக் குழுக்களின் தலைமூலம் அதுவே.

டிரிங்காஸில் இன்றும் மாலையில் குழு வாசிக்கிறது. போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டு முடிந்ததும் கை தட்டுங்கள். சாப்பாட்டுக்குப் பக்கவாத்தியமாக நினைத்துப் பேசிக்கொண்டே இருப்பவர்களால்தான் ஊர் ஊராக மேடைகள் போய் ஒலிபெருக்கிகள் வந்தன. நேரில் பாடுகிறவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது இந்தக் காலத்தில் கிடைத்தற்கரிய வாய்ப்பு. டிசம்பர் கடைசி வாரத்தில் தெரு முழுக்க விளக்குத் தோரணம் கட்டி, ஆலன் பூங்காவில் மேடை போட்டுக் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். கூட்டம் நெருக்கும். இசையை நிதானமாகக் கேட்க நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

கொல்கத்தாவின் இரவுகளில் எது உயர்ந்தது என்று கேட்டால் தயங்காமல் டோவர் லேன் என்பேன். 1952-இல் தென் கொல்கத்தாவின் ஒரு சின்னத் தெருவில் தொடங்கிய இசை மாநாடு, இப்போது ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் உள்ள நஸ்ருல் மஞ்சத்தில் ஜனவரியின் பிற்பாதியில் நடக்கிறது. மாலை இருட்டிய பின் தொடங்கி விடியும்வரை கச்சேரி. இப்படித் தொடர்ந்து சில இரவுகள்.

விடிய விடியக் கேட்பதில் ஒரு காரணம் அடங்கியிருக்கிறது. இந்துஸ்தானியில் ராகத்துக்கு நேரம் உண்டு. யமன் முன்னிரவுக்கு உரியது. தர்பாரி, மால்கௌன்ஸ் நடுநிசிக்கு. லலித் இருள் பிரியும் நேரத்துக்கு. பைரவ் விடியலுக்கு. மாலை ஆறு மணிக் கச்சேரிகளையே கேட்கும் நகரத்து ரசிகருக்கு லலித்தை அதற்குரிய வேளையில் கேட்கும் பேறு அமைவதில்லை. நம் கர்நாடக இசை இந்த நேரக் கட்டுப்பாட்டை ஏறக்குறைய விட்டுவிட்டது. பூபாளத்தை மாலையில் பாடினாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். டோவர் லேனில் ஓர் இரவு உட்கார்ந்தால்தான் நாம் விட்டது எது என்று காதுக்கு விளங்கும். நடுநிசியில் மந்தரத்தில் மெல்ல நகரும் தர்பாரியின் காந்தாரத்துக்கு, தூங்கும் ஊரின் அமைதியும் சுருதி சேர்க்கிறது. பெரும்பாலும் மூத்த கலைஞரைத்தான் கடைசியில் உட்கார வைப்பார்கள். பின்னிரவு மூன்று மணிக்கு மேல் வந்து உட்கார்ந்து, பைரவியில் முடிக்கும்போது வெளியே வெளிச்சம் வந்திருக்கும்.

ரவிசங்கர், விலாயத் கான், பீம்சேன் ஜோஷி, கிஷோரி ஆமோன்கர் எல்லோரும் அந்த மேடையில் இருந்தவர்கள். ஆனாலும் நான் மேடையளவுக்கே அரங்கத்தையும் பார்க்கச் சொல்வேன். குரங்குக் குல்லாவும் சால்வையும் போர்த்திய பெரியவர்கள், நோட்டுப் புத்தகத்தோடு வந்த மாணவர்கள், மடியில் தூங்கும் குழந்தையோடு வந்த தாய்மார்கள். சிலர் கண்ணயர்ந்துவிடுவார்கள், நல்ல இடம் வந்ததும் எப்படியோ கண் திறந்து தலையாட்டுவார்கள். இடைவேளையில் மண் குடுவைத் தேநீரோடு தபலாக்காரரின் கணக்கைப் பற்றி உரத்த விவாதம் நடக்கும். சித்தார் கலைஞர் நிகில் பானர்ஜியை உருவாக்கிய நகரம் இது என்பதில் வியப்பே இல்லை. கேட்பவர் இப்படி இருந்தால் வாசிப்பவர் தம்மை ஏமாற்றிக்கொள்ள முடியாது.

துர்கா பூஜை இரவுகளைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். 2021-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த விழா. சப்தமி முதல் நவமி வரை குடும்பம் குடும்பமாக இரவெல்லாம் பந்தல் பந்தலாக நடப்பார்கள். தோளில் தொங்கும் தாக் முரசின் ஒலி எட்டுத் திக்கிலும் கேட்கும். முதல்முறை போகிறவர்கள் விழாவுக்கு முன்பே ஒரு பகல் குமார்துலிக்குப் போய், வைக்கோலும் களிமண்ணும் அம்மனாகும் பட்டறைகளைப் பார்த்துவிட்டால் பந்தலில் நிற்கும் உருவத்தின் உழைப்பு புரியும்.

இரவில் பசித்தால் வழி உண்டு. நியூ மார்க்கெட் பக்கம் நிஜாம்ஸ் கடையின் காத்தி ரோல் புகழ்பெற்றது. பரோட்டாவில் கபாப் சுற்றிக் கையில் தருவார்கள். பவானிபூர்ப் பக்கம் பல்வந்த் சிங் கடையில் பாலும் கோலாவும் கலந்த தூத் கோலா குடிக்க நள்ளிரவிலும் ஆள் நிற்கும். எனக்குத் தேநீரே போதும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வானிலை இதம். மெட்ரோவின் நீலத் தடம் பார்க் ஸ்ட்ரீட்டையும் ஏரிக்கரையையும் இணைக்கிறது. ஆனால் பின்னிரவில் ஓடாது, திரும்புவதற்கு வாடகைக் கார்தான்.

டோவர் லேனுக்குப் போகும் தமிழர்களுக்கு ஒரு வசதி கூடவே இருக்கிறது. நஸ்ருல் மஞ்சத்திலிருந்து சற்றுத் தொலைவில் லேக் மார்க்கெட். பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி. கனகாம்பரமும் கறிவேப்பிலையும் வாழையிலையும் விற்கும் சந்தை. ராஷ்பிகாரி அவென்யூவில் கோமள விலாஸ் போன்ற பழைய தென்னிந்திய உணவகங்கள் இருக்கின்றன. பைரவி கேட்டு வெளியே வந்தவர்கள் அங்கே இட்லியும் காபியும் முடித்துக்கொண்டு அறைக்குப் போய் நன்றாகத் தூங்கலாம். அடுத்த கச்சேரிக்கு இரவு வரை நேரம் இருக்கிறது.