இஸ்தான்பூலில் முதல் நாள்

மேற்படிப்புக்கென்றோ தொழிலுக்கென்றோ தனியே வெளிநாடு செல்லும் பெண்கள் இன்று நம் குடும்பங்களிலும் இருக்கின்றார்கள். நாளை அது உங்கள் முறையாகவோ உங்கள் மகளின் முறையாகவோ இருக்கலாம். அப்படியான பயணத்தில் கடினமானது முதல் நாள்தான். வாருங்கள் சகோதரிகளே, அந்த ஒரு நாளை இஸ்தான்பூலில் கழித்துப் பார்ப்போம்.

புறப்படுமுன் பயணச்சீட்டை நன்றாகப் பாருங்கள். அந்நகருக்கு இரண்டு விமான நிலையங்கள். ஒன்று ஐரோப்பியக் கரையில் 2018இல் திறக்கப்பட்டது. மற்றது ஆசியக் கரையில் உள்ளது. துருக்கியின் பெண் விமானி சபீஹா கோக்சென்னின் பெயரைத் தாங்கியது. விமானம் ஒரு கரையிலும் தங்குமிடம் மறுகரையிலுமாக அமைந்துவிட்டால் வந்திறங்கிய அன்றே அலைச்சல்தான்.

ஐரோப்பியக் கரையில் இறங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "டாக்ஸி வேண்டுமா?" என்று நெருங்கி வருபவர்களுக்கு நின்று பதில் சொல்ல வேண்டாம். கொஞ்சப் பணத்தை மட்டும் லீராவாக மாற்றி, 'இஸ்தான்புல்கார்ட்' என்னும் அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். பஸ், ட்ராம், சுரங்க ரயில், படகு எல்லாவற்றுக்கும் அந்த ஓர் அட்டை போதும். துருக்கி மொழி 1928 முதல் லத்தீன் எழுத்தில் எழுதப்படுவதால், அர்த்தம் விளங்காவிட்டாலும் பலகையிலுள்ள பெயரை வாசித்துவிடலாம். அறிமுகமில்லாத ஊரில் அது எவ்வளவு பெரிய தைரியம்!

சுரங்க ரயிலில் கைரெத்தெபே வரை வந்து, யெனிகாப்பி பக்கம் செல்லும் வண்டிக்கு மாறுங்கள். நெடுநேரம் மண்ணுக்கடியில் ஓடிய வண்டி திடீரென வெளிச்சத்துக்கு வந்து பாலமொன்றில் ஏறும். கீழே பொற்கொம்பு எனப்படும் கடல்நீர். எதிரே குன்றின்மேல் சுலைமானிய்யா பள்ளிவாசலின் நான்கு மினாராக்கள். அடுத்த நிலையம் வெஸ்நெஜிலெர். அங்கே இறங்கினால் பழைய நகரம்.

அறையில் பெட்டியை வைத்ததும் படுத்துவிடாதீர்கள். தங்குமிடத்தின் பெயரையும் தெருவையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே நிலையம் வரை ஒரு தரம் நடந்து திரும்புங்கள். பகலில் பழகிய தெரு இரவில் அவ்வளவாகப் பயமுறுத்தாது. பசித்தால் சிறிய சாப்பாட்டுக் கடையொன்றில் பருப்பு சூப்பும் ரொட்டியும் கிடைக்கும். கடைக்கார இளைஞன் உங்களை 'ஆப்லா' என்று அழைக்கக்கூடும். திடுக்கிட வேண்டாம், அது நம் 'ராத்தா'தான்.

அஸர் நேரத்துக்குச் சுலைமானிய்யா போங்கள். சுல்தான் சுலைமானுக்காகக் கட்டடக் கலைஞர் சினான் 1557இல் கட்டி முடித்தது. உள்ளே பெண்கள் தொழவும் இடம் இருக்கிறது. பெண்களுக்கு இடமில்லாத பள்ளிகளையே ஊரில் கண்டு பழகியவர்களுக்கு, துணையின்றிப் போய்த் தொழுதுவிட்டு ஆறுதலாக உட்கார்ந்திருப்பது புதிய அனுபவமாக இருக்கும். பின்புறத் தோட்டத்தில் நின்றால், சற்றுமுன் கடந்துவந்த நீர்ப்பரப்பு கீழே தெரியும். வந்த வழி இதுதான் என்று கண்ணுக்குத் தெரிந்ததும் பாதிப் பயம் போய்விடும்.

ஹாகியா சோபியா, பெரிய கடைத்தெரு, போஸ்பரஸ் படகு எல்லாம் நாளைக்கு இருக்கட்டும். முதல் நாளிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடுகிறவர், களைத்துப்போய் இருட்டில் வழி தேட நேரும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அங்கே இரவு எட்டு மணியென்றால் இலங்கையில் பத்தரை. உம்மா தூங்காமல் காத்திருப்பார். "சாப்பிட்டேன், அறைக்கு வழி பழகிவிட்டேன்" என்று சொல்லுங்கள். அவருக்கும் நித்திரை வரும், உங்களுக்கும் வரும்.