பைப்புக்கும் வேர் வேண்டும்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ரோஜா விவசாயிகளுக்குக் கோடை மழையைவிட அதற்கு முன்னே வரும் சூறைக்காற்றுதான் பெரும் பயம். ஏப்ரல், மே மாதங்களில் பகலெல்லாம் வெயில் காயும். மாலையில் மேகம் திரண்டு, கொஞ்ச நேரத்தில் காற்று சுழற்றி அடித்துவிட்டுப் போய்விடும். அப்படியொரு காற்று ஓய்ந்த பிறகு, தளி சாலையோரத் தோட்டமொன்றில் பாலிஹவுஸை, அதாவது பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பசுமைக்குடிலை, சரிசெய்ய வந்த ஃபிட்டர்களோடு இருந்தேன்.

கூரை ஷீட் பாதி கிழிந்து தொங்கியது. மேற்கு ஓரத் தூண்கள் சாய்ந்திருந்தன. ரோஜா இலையில் மழை ஈரம் தங்கினால் அடிச்சாம்பல் நோய் பற்றிக்கொள்ளும். அதனால் தோட்டக்காரருக்கு அவசரம். “முதல்ல ஷீட்டப் போட்டுடுங்கண்ணா” என்றார். மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. “கீழ பாக்காம மேல போட்டா, அடுத்த காத்துக்கு எல்லாமே போயிரும்ங்க” என்றவர், தூணடியில் மண்ணைத் தோண்டச் சொன்னார்.

அவர் சொன்னதில் இந்தத் தொழிலின் சாரமே இருக்கிறது. நாம் குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரம் பாரத்தைத் தாங்குகிறது. பாலிஹவுஸுக்குப் பாரமே கிடையாது. 200 மைக்ரான் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம்கூட இருக்காது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்றோ அதே சதுர மீட்டரில் ஏறத்தாழ 65 கிலோ அழுத்தம் தரும். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். கூரைக்கு மேலே ஓடும் காற்று மேல்நோக்கி இழுக்கும். பக்கவாட்டில் புகுந்த காற்று உள்ளிருந்து தள்ளும். ஆக, இங்கே அஸ்திவாரத்தின் வேலை குடிலைத் தரையோடு பிடித்து வைப்பது.

தோண்டியதும் காரணம் தெரிந்தது. கான்கிரீட் ஆழமாக இறங்கவில்லை. அதற்குள் புதைந்த பைப்பில் குறுக்குக் கம்பி இல்லாததால், பைப் அப்படியே உருவிக்கொண்டு மேலே வந்திருந்தது. மேஸ்திரி புதுப் பைப்புகளின் அடியில் கம்பியைக் குறுக்கே செருகி, ஆழக் குழியில் நிறுத்தி, கான்கிரீட்டைக் குத்திக் குத்தி இறுக்கினார். அதன்மேல் தூணைச் செருகி நட்டு போல்ட்டு முடுக்கும் இடத்தையும் காட்டினார். பழைய துளையைச் சுற்றித் துரு வட்டமாகப் படர்ந்திருந்தது. ஜி.ஐ. பைப்பில் துளையிட்டாலும் வெல்டிங் வைத்தாலும் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும். இரும்பு ஈரத்துக்குத் திறந்துகொள்ளும். உதவியாள் தம்பி ஒவ்வொரு துளையையும் தேய்த்துத் துத்தநாகப் பெயின்ட் பூசினார். ஒன்றையும் விடவில்லை.

அடுத்தது குறுக்குக் கட்டு. நாலு பைப் சேர்ந்த சட்டம் பக்கவாட்டில் தள்ளினால் சரியும். மூலைக்கு மூலை பைப்போ ஸ்டீல் கம்பியோ போட்டுவிட்டால் அது முக்கோணங்களாகிவிடும், முக்கோணம் சரியாது. கடைசி வரிசைத் தூண்களுக்கு இடையில் கம்பியைப் பெருக்கல் குறியாகப் போட்டு, கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டுவதுபோல் நால்வர் மாறி மாறி முறுக்கினார்கள். காற்று முதலில் மோதும் ஓரம் அது.

ஷீட் போடும் வேலை விடியற்காலையில் நடந்தது. காற்று எழுந்துவிட்டால் விரித்த ஷீட் ஆளையே தூக்கிவிடும். கூரைமேல் இருவர் காலை அகட்டி உட்கார்ந்தார்கள். ஒருவர் ஷீட்டை இழுத்துப் பிடிக்க, மற்றவர் நெளிவுக் கம்பியான ஸ்பிரிங்கை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி, அலுமினியப் புரொஃபைலின் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே நகர்ந்தார். ஓரங்களில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங். வெயிலில் சுடும் பைப் ஷீட்டை அரிக்கும் என்பதால் இடையில் பழைய ஷீட் துண்டுகளை வைத்தார்கள். தொய்வாக விட்டால் ஷீட் காற்றில் படபடத்துத் தேய்ந்தே கிழியும். அளவுக்கு மீறி இழுத்தால் குளிரில் சுருங்கி ஸ்பிரிங் பிடித்த இடத்தில் விரிசல் விடும். அந்த இழுப்பின் அளவு அவர்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது.

வேலை முடிந்ததும் மேஸ்திரி தோட்டக்காரரிடம் சொன்னவை மூன்று: புயல் அறிகுறி தெரிந்தால் பக்கத் திரைகளை இறக்கி முழுதாக மூடுங்கள், நட்டு போல்ட்டுகளைக் கோடைக்கு முன் முடுக்குங்கள், மேற்கே சவுக்கு நடுங்கள். சுவர் காற்றைத் தடுத்துச் சுழல வைக்கும். சவுக்கு வரிசை காற்றைச் சல்லடையிட்டு வேகம் குறைத்து அனுப்பும். நிழல் விழாத தூரத்தில் நட்டால் போதும்.

பசுமைக்குடில் அமைக்கத் தேசியத் தோட்டக்கலை இயக்கத்தில் 50 சதவீத மானியம் உண்டு. வடிவமைப்புக்கு 1997ஆம் ஆண்டின் ஐ.எஸ். 14462 தரநிலையும் இருக்கிறது. ஆனால் குடில் நிற்பதும் விழுவதும் குழி தோண்டுபவர், போல்ட்டு முடுக்குபவர் கையில்தான். அவர்களோ ஐந்து மீட்டருக்கு மேல் வழுக்கும் பைப்பில் பெல்ட் இல்லாமல் நடக்கிறார்கள். வேலை தரும் ஒவ்வொருவரும் மதிப்பீட்டில் ஷீட்டுக்கு ஒதுக்குவதுபோல் அஸ்திவாரத்துக்கும், குறுக்குக் கட்டுக்கும், பாதுகாப்புப் பெல்ட்டுக்கும் தனி வரி எழுத வேண்டும். செடியைக் காப்பாற்றும் குடில், அதைக் கட்டுபவரையும் காப்பாற்றியாக வேண்டும்.