உதகையில் உறைபனி

கோயமுத்தூர்வாசிகள் உறைபனியைக் காண இமயமலைக்குப் போகவேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால் போதும். 1899-ல் குன்னூரையும் 1908-ல் உதகையையும் எட்டிய இப்பாதையில், கல்லாறு தாண்டியதும் எஞ்சின் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு மேலேறுகிறது. மார்கழிச் சனிக்கிழமையொன்றில் தம்பதி சமேதராய்ச் சென்றோம்.

மேல்நாட்டார்போல் பலகையேறிச் சறுக்க இங்கே வெண்பனி பொழிவதில்லை. மேகமற்ற இரவில் தரையின் வெப்பம் வானில் கலைய, புல்லின்மேல் ஈரம் உறைந்து நிற்கிறது, அவ்வளவே. விடியற்காலையில் தலைக்குந்தாப் புல்வெளி உப்பளம்போல் வெளுத்திருந்தது. கையில் அள்ளிக் குழந்தைகளாய்க் குதூகலித்தோம்.

வழியில் கண்ட தேயிலை விவசாயியின் முகத்தில் அக்குதூகலம் இல்லை. "பார்க்க அழகுதானுங்க, வெயில் ஏறினால் கொழுந்தெல்லாம் கருகிப்போகுமுங்க" என்றார். நம் கண்ணுக்கு விருந்தாகும் வெண்மை அவர் குடும்பத்தின் வருவாயைக் கரைக்கிறது. உதகைக்குப் போகிறவர்கள் அதையும் பார்த்து வரவேண்டும்.