மரத்துப்போகாத மனம்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து கொல்லிமலையின் மேல் ஏறும்போது, சமவெளியின் வெப்பம் நம்மை விட்டு மெல்ல விலகுகிறது. கோடை விடுமுறையில் ஒரு நாள் நாமும் அவ்வாறு ஏறிச் சென்றோம். மலையின் எழிலைக் காண்பதற்காக அன்று. திண்ணனூர் நாட்டில் வாழும் நம் பழைய மாணவி ஒருத்தி, தன் மகனைக் கீழே ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்க உதவுமாறு கேட்டிருந்தாள். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் இத்தகைய வேண்டுகோள்கள் நம்மைத் தேடி வருவதுண்டு. பரிந்துரைக் கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே புறப்பட்டோம்.

சிறுவனுக்கு வயது எட்டு. திண்ணையின் ஓரத்தில் அமர்ந்திருந்தவன் நம்மைக் கண்டு எழுந்து நின்றான். ஒரு சொல்லும் பேசவில்லை. முந்தைய ஆண்டு மலைச்சாலையில் இருசக்கர வண்டி சறுக்கி அவன் தந்தை உயிரிழந்தார். அன்று அவருக்குப் பின்னால் அமர்ந்திருந்தவன் அவனே. உடலில் சிறு சிராய்ப்புகளோடு பிழைத்துக்கொண்டான்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை சார். ஊரே மெச்சுச்சு" என்றாள் தாய். "ஆனா இப்ப ராத்திரியில பாயை நனைக்கிறான். லாரிச் சத்தம் கேட்டா உள்ள ஓடிப்போய் மூலையில உக்காந்துக்கிறான். பள்ளிக்கூடத்துல கவனமே இல்லைன்னு சொல்றாங்க. கீழ ஆஸ்டல்ல சேத்துட்டா எல்லாத்தையும் மறந்துடுவான், சார். அழுதா படிப்பு வருமா, அழுதா போனவங்க வருவாங்களான்னு எங்கம்மா செத்தப்ப நீங்க எனக்குச் சொன்னதைத்தான் நானும் அவனுக்குச் சொல்றேன்."

நன்றியோடுதான் அவள் அதைச் சொன்னாள். நமக்கோ கையில் வாங்கிய தேநீர்க் குவளை கனத்தது. அச்சொற்களை நாம் சொன்னதே நினைவில் இல்லை. ஆனால் அவை எங்கிருந்து நம் வாய்க்கு வந்தன என்பது நன்றாக நினைவில் இருந்தது.

நமக்கு ஒன்பது வயதாகும்போது தந்தை மறைந்தார். அடக்கம் முடிந்து ஒரு மாதத்திற்குள் நம்மை ஒரு விடுதியில் சேர்த்தார்கள். முதல் இரவு போர்வைக்குள் விம்மிக்கொண்டிருந்தபோது பொறுப்பாளர் அருகில் வந்தார். அழுதால் படிப்பு வருமா என்றார். அப்பா மோட்சத்தில் இருக்கிறார், நீ அழுதால் ஆண்டவருக்குப் பிடிக்காது என்றார். தீய எண்ணத்தோடு அவர் அதைச் சொல்லவில்லை. இலாசரின் கல்லறைக்குச் செல்லுமுன் ஆண்டவரே கண்ணீர் விட்டார் என்பதை எடுத்துச் சொல்ல அன்று நமக்கு வயதும் இல்லை, அறிவும் இல்லை. அன்றோடு அழுகை நின்றது. திடமான பிள்ளை என்ற நற்பெயரும் கிடைத்தது.

அந்த நற்பெயருக்கு நாம் கொடுத்த விலை பின்னாளில்தான் தெரிந்தது. தாயை அடக்கம் செய்த நாளில் நம் கண்கள் வறண்டிருந்தன. நம் பிள்ளை காய்ச்சலில் முனகியபோது இரக்கத்திற்கு முன் எரிச்சல் எழுந்தது. வகுப்பில் அழும் குழந்தையைக் கண்டால் அந்தப் பொறுப்பாளரின் குரல் நம் தொண்டையிலிருந்து ஒலித்தது. எத்தனை பிள்ளைகளிடம் அவ்வாறு பேசினோமோ, அறியோம். அவர்களுள் ஒருத்தி அன்று நம் எதிரே நின்றாள்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இதே மலையில் வளர்ந்த வேறொரு சிறுவனின் நினைவு வந்தது. வாழவந்தி நாட்டில் மருத்துவமும் கல்வியும் அளித்து மக்களோடு மக்களாய் வாழ்ந்த ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயப் பாப்திஸ்து மறைப்பணியாளர்களின் மகன் அவர். 1914-இல் பிறந்த பால் பிராண்ட், இம்மலையின் பலா மரங்களில் ஏறித் திரிந்தவர். 1923-இல், ஒன்பதாம் வயதில், படிப்பிற்காகத் தங்கையோடு இங்கிலாந்து அழைத்துச் செல்லப்பட்டு உறவினர் இல்லத்தில் விடப்பட்டார். பெற்றோர் கொல்லிமலைக்குத் திரும்பினர். அக்கால மறைப்பணியாளர் குடும்பங்களில் இது வழக்கமே. எனினும் வழக்கம் என்பதனால் ஒரு குழந்தையின் பிரிவுத்துயர் குறைந்துவிடுவதில்லை.

தந்தை ஜெசி மகனுக்கு இடைவிடாது மடல்கள் எழுதினார். மலையின் மரங்களையும் பூச்சிகளையும் பற்றி எழுதினார். 1929 ஜூன் மாதத்தில் கருநீர்க் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. இறப்புச் செய்தியைத் தந்தி விரைவாகக் கொண்டு சேர்த்தது. அவர் உயிரோடிருந்தபோது எழுதிய மடலோ கப்பலில் பின்னால் வந்து சேர்ந்தது. இறந்துவிட்ட தந்தையின் கையெழுத்தைப் பிரித்துப் படிக்கும் பதினான்கு வயதுச் சிறுவனை எண்ணிப் பார்க்கும்போது நம் நெஞ்சு கனக்கிறது. இங்கிலாந்தில் பிரிந்த பின் அவர் தம் தந்தையைக் காணவே இல்லை.

அச்சிறுவன் அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையினால் மீண்டும் இயங்கச் செய்தார். அதைவிடப் பெரியது அவரும் அவருடன் உழைத்தோரும் கண்டறிந்து நிலைநாட்டிய உண்மை. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நோய்க்கிருமி நரம்புகளைத் தாக்குவதால் வலியுணர்வு அற்றுப்போகிறது. வலி தெரியாதவர் கொதிக்கும் பாத்திரத்தைக் கையால் பிடிக்கிறார். துருப்பிடித்த பூட்டை எலும்பு தெரியும் அளவுக்கு அழுத்தித் திறக்கிறார். இரவில் எலி கடித்தாலும் உணராமல் உறங்குகிறார். கவனிக்கப்படாத புண்களே உறுப்புகளை அழிக்கின்றன. வலி நம் பகைவனன்று, காவலாளி என்பதை அவர் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்தார். 1993-இல் வலியை ஒரு கொடையாகப் போற்றும் நூல் ஒன்றையும் பிலிப் யான்சியுடன் இணைந்து எழுதினார். 2003-இல் மறைந்தார். தொழுநோயை இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றிலும் குணப்படுத்த முடிகிறது.

உடலின் நோயும் மனத்தின் துயரும் ஒன்றல்ல என்பதை அறிவோம். ஆயினும் ஓர் ஒப்புமை நம்மை விடவில்லை. அழாதே என்று அடக்கப்பட்ட குழந்தையின் காயம் ஆறிவிடுவதில்லை. அக்காயத்தை உணரும் ஆற்றல்தான் மரத்துப்போகிறது. மரத்த கை தன்னையே புண்படுத்திக்கொள்வது போல, மரத்த மனமும் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறது. அருகில் இருப்போரையும் அறியாமலே காயப்படுத்துகிறது.

இது நம் அனுபவம் மட்டுமன்று. அமெரிக்காவின் சான் தியேகோவில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்டோரிடம் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்கள் ஆய்வு நடத்தினர். அடி உதை, பாலியல் வன்முறை, புறக்கணிப்பு, குடும்பத்தில் குடிவெறி, பெற்றோர் பிரிவு போன்ற துயரங்களை ஒருவர் சிறுவயதில் எத்தனை வகையில் பட்டாரோ, அத்தனைக்கத்தனை பிற்காலத்தில் மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி, இதயநோய் ஆகியவற்றின் வாய்ப்பும் மிகுந்திருப்பதை 1998 முதல் வெளியிட்ட அறிக்கைகளில் எடுத்துக்காட்டினர். ஆபத்து நீங்கிய பிறகும் குழந்தையின் உடல் காவலை விடுவதில்லை. சிறு ஓசைக்கும் நெஞ்சு படபடக்கிறது; உறக்கம் கலைகிறது; பாடத்தில் மனம் ஒன்ற மறுக்கிறது. பாயை நனைக்கும் குழந்தையைப் பிடிவாதக்காரன் என்றும், புத்தகத்தைப் பாராத குழந்தையைச் சோம்பேறி என்றும் நாம் எத்தனை முறை தவறாகத் தீர்ப்பிட்டிருக்கிறோம்!

எனினும், காயம் விதியாகிவிடுவதில்லை. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் உளவியலாளரும் அவருடைய துணைவர்களும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தனர். வறுமையும் குடும்பக் குழப்பமும் சூழ வளர்ந்த குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், அன்பும் பொறுப்பும் நிறைந்த மனிதராய் வளர்ந்தனர். அவர்கள் வாழ்வில் காணப்பட்ட துணைகளுள் முதன்மையானது, தம்மை உண்மையாய் அன்பு செய்த ஒருவரேனும் அருகில் இருந்தமை. அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியாகவோ, ஆசிரியராகவோ, அண்டை வீட்டாராகவோ இருக்கலாம்.

நமக்கும் அப்படி ஒருவர் இருந்தார். விடுதியின் சமையற்கார மூதாட்டி அவர். ஞாயிறு மாலைகளில் அடுப்படி வாசலில் நம்மை அமர்த்தி, "உங்கப்பா என்ன பாட்டு பாடுவாரு, சொல்லு சாமி" என்பார். உலகமே தந்தையை மறக்கச் சொன்னபோது, நினைக்கச் சொன்னவர் அவர் ஒருவரே. நம்மில் இன்று ஈரம் ஏதும் எஞ்சியிருக்குமாயின் அது அவர் காத்துத் தந்தது.

மறுநாள் காலை சிறுவனைப் பலா மரத்தடிக்கு அழைத்துச் சென்றோம். கேள்வி எதுவும் கேட்கவில்லை. நம் தந்தையைப் பற்றி நாமே பேசினோம். அவருடைய செருப்புச் சத்தத்தையும், அவர் இறந்த நாளில் நமக்கு ஏற்பட்ட அச்சத்தையும், யாரும் அறியாமல் அழுததையும் சொன்னோம். வெகுநேரம் அவன் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். பின்பு தலை நிமிராமலே, "மெதுவா ஓட்டுங்கப்பான்னு நான் சொல்லலை" என்றான்.

ஓராண்டாக அவ்வெட்டு வயது நெஞ்சு சுமந்த பாரம் அதுவே! துயர் நேரும்போது குழந்தைகள் தம்மையே குற்றவாளிகளாக்கிக்கொள்வர் என்பதை நூல்களில் படித்திருக்கிறோம். கண்ணெதிரே கண்டது அன்றுதான். "அது உன் தப்பு இல்லை சாமி. சின்னப் புள்ளை நீ என்ன செய்ய முடியும்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னோம். அவன் அழுதான். வறண்டுபோன நம் கண்களும் அன்று நனைந்தன. பின்னால் வந்து நின்ற பாட்டி, அழாதே என்று சொல்ல வாயெடுத்தார். தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவேளை, இருபது ஆண்டுகளுக்கு முன் தனக்கு மறுக்கப்பட்டதை அவள் அப்போது உணர்ந்திருக்கலாம். அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "அய்யோ, பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு சார்" என்றவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பரிந்துரைக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. விடுதிகள் தீயன என்பது நம் கருத்தன்று. மலைப் பிள்ளைகள் பலருக்குக் கல்வியின் கதவைத் திறந்தவை அவையே. ஆனால் மறப்பதற்கென்று ஒரு குழந்தையை அனுப்புதல் ஆகாது. இன்னும் ஓராண்டேனும் அவன் தாயோடும் பாட்டியோடும் இருந்து மலையிலேயே படிப்பது என்று முடிவாயிற்று. ஓர் அழுகையால் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் சொன்னோம். கட்டணமின்றி இருபத்துநான்கு மணி நேரமும் மனநல ஆலோசனை தரும் 14416 என்னும் அரசின் தொலைபேசி எண்ணையும், குழந்தைகளுக்கான 1098 என்னும் உதவி எண்ணையும் தாளில் எழுதித் தந்தோம். மாவட்ட மருத்துவமனையின் மனநல மருத்துவரைக் காணவும் வற்புறுத்தினோம். செபம் செய்வோர் மருந்தை நாடுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

உயிர்த்த ஆண்டவரின் திருவுடலிலும் தழும்புகள் இருந்தன. அவற்றை அவர் மறைக்கவில்லை, தோமாவிடம் காட்டினார். மீண்டெழுதல் என்பது தழும்பே இல்லாதிருத்தல் அன்று. அதை நம்பிக்கையோடு ஒருவரிடம் காட்ட முடிவதே மீண்டெழுதலின் தொடக்கம். காட்டுவதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இருக்க நம் இல்லங்களிலும் பங்குகளிலும் பள்ளிகளிலும் எத்தனை பேர் அணியமாய் இருக்கிறோம்?

மலையிலிருந்து இறங்கிய நாள் முதல் வாரம் ஒரு மடல் அவனுக்கு எழுதி வருகிறோம். தொலைபேசி இருக்கையில் மடல் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். கையில் வைத்துத் திரும்பப் படிக்கலாமே என்று சொல்லியிருக்கிறோம். சென்ற வாரம் முதன்முதலாக அவனிடமிருந்து பதில் வந்தது. பாட்டி சாமை விதைத்ததையும், பலா மரத்தில் அணில் கூடு கட்டியிருப்பதையும் எழுதியிருந்தான். கடைசி வரியில், அப்பாவுக்குப் பலாச்சுளை பிடிக்கும் என்றிருந்தது.