ரியாத்துக்கு ஒரு மனு

கடலூர் பக்கத்து ஆட்களான எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. சமாதானம் ஆகி ஐந்து மாதம் கழித்து மெனக்கெட்டுச் சண்டை போட்ட ஊர் எங்களுடையது!

விளையாட்டில்லை. பிரிட்டிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் 1783 ஜனவரி 20ஆம் தேதி வெர்சேல்ஸில் உட்கார்ந்து, 'போதுமப்பா' என்று பூர்வாங்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள. சேதி இங்கே வந்து சேரவேண்டுமே? ஜூன் 13ஆம் தேதி கடலூருக்கு வெளியே ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படையும் புஸ்ஸியின் படையும் மோதி, இரு தரப்பிலும் சேர்த்து ஆயிரம் பேருக்கு மேல் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். போதாததற்கு, ஜூன் 20ஆம் தேதி கடலில் சுஃப்ரேனும் ஹியூஸும் கப்பல்களை வரிசையாக நிறுத்திப் பீரங்கியால் பேசிக்கொண்டார்கள். ஜூன் கடைசியில்தான் கப்பலில் சமாதானச் சேதி வந்தது. பிரிட்டிஷ் சிப்பாய், பிரெஞ்சு சிப்பாய் என்று பெயரே தவிர, விழுந்தவர்களில் நம்மூர்க்காரர்கள் எத்தனையோ பேர். வெர்சேல்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

(ராஜதந்திரம் எங்களுக்கு அதற்கும் முந்தின பழக்கம். 1690ல் மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, 'பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் எங்களுக்கு' என்று பேசி முடித்தது. ரிஜிஸ்திரார் ஆபீஸ் வேலையைப் பீரங்கியே பார்த்தது. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று அந்தப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன.)

இப்போது சேதி வர ஐந்து மாதம் வேண்டாம், ஐந்து விநாடி போதும். அந்த வேகத்தில் என்னென்ன நடக்கிறது என்பதை அண்ணாகிராமத்தில் என் வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்த்திருக்கிறேன். ரிட்டயரான குமாஸ்தா என்பதால் எங்கள் தெருவுக்கு மனு எழுதித் தருகிற ஆள் நான்தான். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், கரும்புப் பணம் பாக்கி என்று எழுதிப் பழகிய கை. ரியாத் வரைக்கும் போகும் என்று நினைத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு விடிகாலை. பின் தெருவில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி, செல்போனைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, புள்ள அழுவறான்ணே... நீயே கேளு."

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. பையன் சவூதிக்கு வீட்டு டிரைவராகப் போனவன். ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட் கஃபீலிடம். கஃபீல் என்றால் அவனை வரவழைத்த முதலாளி. இக்காமா காலாவதி. வெளியே போனால் போலீஸ் பிடிக்கும், உள்ளே இருந்தால் சோறு மட்டும்.

அதற்குள் தெரு இளைஞர் பட்டாளம் கூடிவிட்டது. "மாமா, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு. ட்விட்டர்ல போட்டு மந்திரிய டேக் பண்ணா ஒரே நாள்ல மேட்டர் முடிஞ்சிடும்!"

அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவு அமைச்சராக இருந்த 2014 முதல் 2019 வரை அப்படித்தான் நடந்தது. செவ்வாய் கிரகத்தில் மாட்டிக்கொண்டாலும் அங்குள்ள இந்தியத் தூதரகம் உதவும் என்று 2017ல் அந்த அம்மாள் வேடிக்கையாகவே எழுதினார். 2015ல் ஏமன் யுத்தத்திலிருந்து 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டபோது ட்விட்டர் ஒரு கன்ட்ரோல் ரூம் மாதிரியே வேலை செய்தது.

1990 குவைத்தை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். சுமார் 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் திரும்பினார்கள். அதற்காக வெளியுறவு அமைச்சர் ஐ.கே.குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைப் பார்க்க வேண்டியிருந்தது. சதாம் கட்டிக்கொண்டார், இவரும் கட்டிக்கொண்டார். அந்தப் போட்டோவுக்காக உலகம் பூராவும் திட்டினார்கள். ஒரு கட்டிப்பிடிப்புக்கு இத்தனை ஜனம் ஊர் வந்து சேர்ந்தது என்றால் அது மலிவான வியாபாரம் என்பது என் கட்சி.

ஆனால் வீடியோ விஷயத்தில் நான் பையன்களுக்கு எதிர்க்கட்சி. சவூதியில் 2007லிருந்தே சைபர் குற்றச் சட்டம் இருக்கிறது. முதலாளி பெயரைச் சொல்லி, வீட்டைப் படமெடுத்துப் போட்டால், சம்பளம் கேட்டவனே குற்றவாளி ஆகிவிடலாம். கஃபீல் கோபித்துக்கொண்டு 'ஆள் ஓடிப்போய்விட்டான்' என்று எழுதிக் கொடுத்தாலும் போச்சு. அதற்கு 'ஹுரூப்' என்று பெயர். அப்புறம் அவன் வேலைக்காரனில்லை, தேடப்படுகிற ஆள். 2021 மார்ச்சில் சட்டத்தைத் தளர்த்தி, முதலாளி சம்மதம் இல்லாமலே ஊர் திரும்பலாம் என்றார்கள். அந்தச் சலுகையில் வீட்டு வேலைக்காரர்களும் வீட்டு டிரைவர்களும் சேர்த்தியில்லை. நம்ம பையன் வீட்டு டிரைவர்.

எனவே 'மதத்'. மதச் சண்டை இல்லை. உதவி என்று அர்த்தம். வெளியுறவு அமைச்சகம் 2015ல் ஆரம்பித்த குறைதீர் இணையதளம். பாஸ்போர்ட் எண், விசா நகல் எல்லாம் கேட்டது. கொடுத்தோம். முதலாளி பெயர்?

"டேய், உன் முதலாளி பேரு இன்னாடா?"

"பாபா."

"அது நீ கூப்பிடறதுடா! அவரு பேரு?"

"எல்லாரும் பாபான்னுதான் மாமா கூப்பிடுவோம்."

விலாசமும் தெரியவில்லை. கடைசியில் 'லொக்கேஷன்' அனுப்பினான். பழுப்பு நிறத்தில் ஒரு வெட்டவெளி, நடுவே ஒரு புள்ளி. அம்மாக்காரி அந்தப் புள்ளியை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அது பெரிதாகிச் சிறிதாகியது. விசாத் தாளில் அரபியில் இருந்த பெயரை மொபைலே படித்துத் தமிழில் சொல்லியது. பாபாவுக்கு நாலு வரியில் நீளமான பெயர்!

புகார் எண் வந்தது. பதினோரு நாள் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஜெபம். பன்னிரண்டாம் நாள் தூதரகத்திலிருந்து போன். ஆனால் காரியத்தை முடித்தது இணையதளம் இல்லை ஸார். தூதரகம் சொல்லி, அங்கே சமூக சேவை செய்கிற ஒரு மலையாளத்துக்காரர் கார் எடுத்துக்கொண்டு அந்தப் புள்ளிக்கே போனார். பாபாவோடு உட்கார்ந்து மூன்று தடவை கஹ்வா குடித்தார். பாபாவின் அப்பாவுக்கு உடம்பு எப்படி என்று விசாரித்தார். நாலாம் தடவை சம்பளப் பேச்சை எடுத்தார். நாலு மாதச் சம்பளம் உண்டு, மூன்று மாதம் தள்ளுபடி, பாஸ்போர்ட் திரும்ப, எக்ஸிட்டுக்குக் கையெழுத்து என்று முடிந்தது.

"மூணு மாசம் போனா போவுதுண்ணே, புள்ள வந்தா போதும்" என்றாள் தாய்.

பையன் ஒப்பவில்லை. "வேர்வ சிந்துனது நானு. தள்ளுபடி பண்ண இவங்க யாரு?" என்று போனில் கத்தினான். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை, அந்த மலையாளத்துக்காரரிடமும் இருந்திருக்காது. ஏஜெண்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம் அந்த மூன்று மாதத்தில்தான் அடைவதாக இருந்தது. ஏஜெண்டின் போனோ அன்றைக்கே ஸ்விட்ச் ஆஃப்.

வீடியோ போட்டிருந்தால் ஏழு மாதமும் கிடைத்திருக்கும் என்று பையன்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். லட்சம் பேர் பார்த்தால் அதிகாரி ஓடி வருவார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லட்சம் பேர் பார்க்க, முகம் பார்க்கும்படி இருக்கவேண்டும், அழுகை கேட்கும்படி இருக்கவேண்டும், அன்றைக்கு கிரிக்கெட் மேட்ச் இருக்கக்கூடாது. பார்க்கப்படாத பிள்ளைக்கு ஒரு புகார் எண்ணாவது வேண்டாமா?

அதே போன்தான் ஆளைப் பிடித்தும் கொடுக்கிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் மியாவாடி பக்கம் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிலர் 2022 அக்டோபரில் மீண்டு வந்தார்கள். வலை விரித்ததும் இணையத்தில், காப்பாற்றச் சொல்லிக் கதறியதும் இணையத்தில்.

நம்ம பையன் வந்ததும் பண்ருட்டியில் பலா லோடு அடிக்கும் வண்டிக்கு டிரைவராகப் போனான். சீசன் முடிந்தது. போன வாரம் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தான்.

"மாமா, துபாய்க்கு ஒரு விசா வந்திருக்கு. உண்மையா பொய்யான்னு பார்த்துச் சொல்லு."

இ-மைக்ரேட் தளத்தைத் திறந்து, அவன் கொடுத்த ஏஜெண்டின் பதிவு எண்ணைத் தட்டினேன். அப்படி ஒரு எண்ணே இல்லை. திருப்பித் தட்டினேன். இல்லை.

"இல்லையேடா."

அவன் அசரவில்லை. போனில் எதையோ தேடிக்கொண்டே, "சரி மாமா, இன்னொருத்தர் நம்பர் இருக்கு. அதைப் போடு" என்றான்.