பயணப் பையும் ஒரு குறிப்பேடும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த இளம் செவிலி ஒருத்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பணி சார்ந்த மாநாடு ஒன்று வெளிநாட்டில் நடக்கவிருக்கிறதாம். அவளுக்கும் அழைப்பு வந்திருக்கிறதாம். "அக்கா, நீங்க மெல்போர்ன் வரைக்கும் போய்வந்தவங்க. என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும், எதுல கவனமா இருக்கணும்னு எழுதித் தாங்களேன்" என்றாள். அன்று மாலை தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கடவுச்சீட்டின் நகல், மருத்துவக் காப்பீடு, அவசரத் தொலைபேசி எண் என்று நாலைந்து வரி எழுதியதும் பேனா நின்றுவிட்டது. பட்டியலில் அடங்காத ஒன்று அந்தப் பயணத்தில் இருந்தது. அதை இங்கே எழுதுகிறேன். அவளும் இவ்விதழின் வாசகிதான்.

2014 ஜூலை 20 முதல் 25 வரை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இருபதாவது பன்னாட்டு எய்ட்ஸ் மாநாடு நடைபெற்றது. அப்போது நான் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய மருத்துவமனையில் செவிலியாகவும் ஆலோசகராகவும் இருந்தேன். இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2004 ஏப்ரலில், அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய சில இடங்களுள் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. பிறகு அது மெல்ல மாவட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது.

மருந்து வந்துவிட்டது. அதை விழுங்குவதற்கு ஒரு தனிமை வேண்டுமே, அது வரவில்லை. நம் பக்கத்தில் விடியுமுன்னரே ஜீப்புகள் ஊருக்குள் வந்துவிடும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்பவை அவை. அப்பெண்களுள் கூட்டு மருந்து உட்கொள்வோரும் இருந்தார்கள். அவர்களில் பலருக்குக் காலையும் மாலையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் மாத்திரை. காலை மாத்திரைக்குரிய நேரத்தில் அவர்கள் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் இருப்பவள் என்ன மாத்திரை என்று கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் சிலர் விழுங்காமலே விட்டுவிடுவார்கள். சிலர் டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, மாத்திரையை வெற்றிலைச் சுருக்குப்பையில் பாக்கோடு பாக்காகப் போட்டு வைத்திருப்பார்கள். வேளை தவறத் தவறக் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அம்மருந்து கேளாது. இந்த ஜீப் நேரத்துச் சிக்கலையும், அதற்கு நாங்கள் செய்துபார்த்த சிறு மாற்றங்களையும் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். போஸ்டராக வைக்க இடம் தந்து, பயணச் செலவுக்கும் உதவுவதாக மடல் வந்தது.

கடவுச்சீட்டுக்காக மதுரைக்கு இருமுறை போய்வந்தேன். அப்போது நமக்கு ரயிலும் இல்லை. அகலப் பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற மதுரை–போடி வண்டி, 2022 மே மாதத்தில்தான் தேனி வரையேனும் திரும்பிவந்தது. காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வந்தவரைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. விசா, காப்பீடு எல்லாம் ஒருவழியாக முடிந்தன.

பயணச்சீட்டு கைக்கு வந்தபோதுதான் வீட்டில் அமைதி குலைந்தது. சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து மெல்போர்ன். இரண்டும் மலேசிய விமானங்கள். நான்கு மாதங்களுக்கு முன்புதான், மார்ச் 8 அன்று, கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் சென்ற எம்.எச். 370 விமானம் 239 பேரோடு மறைந்துபோயிருந்தது. அதில் சென்னையில் வாழ்ந்த சந்திரிகா சர்மாவும் இருந்தார். சிறு மீனவர்களின் உரிமைக்காக உழைக்கும் பன்னாட்டு அமைப்பொன்றின் செயற் செயலர் அவர். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மாநாட்டில் கலந்துகொள்ள மங்கோலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் பாடுபட்டு வந்த சிறு மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகள் அதே ஆண்டு ஜூனில் உரோமையில் ஏற்கப்பட்டு, அவருக்கே காணிக்கையாக்கப்பட்டன. என் மகள் செய்தித்தாளில் வந்த அவர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

தோபித்து நூலில், மகன் தோபியாவை நெடும்பயணம் அனுப்பும்போது தாய் அன்னா அழுகிறாள். தந்தையோ துணைக்கு வந்த ஆளின் குலத்தை விசாரித்து, நாளொன்றுக்கு ஒரு திராக்மா என்று கூலியும் பேசி அனுப்புகிறார். வந்தவர் வானதூதர் இரபேல் என்பது அவருக்குத் தெரியாது. அந்தப் பகுதியில் என் மனத்தைத் தொடுவது அந்தக் கூலிப் பேச்சுத்தான். என் கணவரும் அப்படித்தான். மெல்போர்னில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எப்படியோ தேடிப் பிடித்து, விமான நிலையத்துக்கு யார் வருவார், தங்குமிடம் எவ்வளவு தூரம், நடுவில் எத்தனை மணிக்கு எங்கே இருப்பேன் என்று ஒரு தாளில் எழுதி, ஒரு படியை எங்கள் பங்குத்தந்தையிடமும் கொடுத்துவைத்தார்.

மாநாட்டார் அனுப்பிய அறிவுரைத் தாள் பல பக்கம். பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள், ஆவணங்களுக்கு இரண்டு படி எடுத்து ஒன்றை வீட்டில் விட்டுச் செல்லுங்கள், ஜூலை அங்கே குளிர்காலம் என்றெல்லாம் இருந்தது. நான் மேகமலைக் குளிரை நினைத்து ஒரு கம்பளிச் சட்டை வாங்கினேன், அது போதவில்லை. உணவுப் பொருள், விதை, மரம், இலை எதைக் கொண்டுவந்தாலும் இறங்கும்போது அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் தண்டம் என்றும் இருந்தது. அத்தை எனக்காக எடுத்துவைத்தவையோ பருப்புப்பொடி, போடி ஏலக்காய், குருத்து ஞாயிறன்று மந்திரித்த குருத்தோலைச் சிலுவை. மூன்றும் வேண்டாம் என்றேன். "சிலுவைகூடவா கூடாதுங்கிறான்?" என்று இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. மரமணிச் செபமாலையை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டையிலும் எழுதிக் காட்டினேன். அங்கிருந்த அலுவலர் அதை விளக்கொளியில் உருட்டிப் பார்த்துவிட்டு இரு கையாலும் திருப்பித் தந்தார்.

அதே தாளில் இன்னொரு வரி என்னை நிறுத்தியது. மருந்துகளை அவற்றின் சொந்த டப்பாவிலேயே, பெயர்ச்சீட்டோடும் மருத்துவர் கடிதத்தோடும் கொண்டுவாருங்கள் என்பது அது. என் இரத்த அழுத்த மாத்திரைக்கு அதில் சிரமம் ஒன்றுமில்லை. ஆனால் கூட்டு மருந்து உண்போருக்கு அந்தச் சீட்டே ஆபத்தாக இருந்த காலம் உண்டு. 1989 ஏப்ரலில் ஹான்ஸ் பவுல் வெர்ஹூஃப் என்ற டச்சுக்காரர் எய்ட்ஸ் பற்றிய ஒரு கூட்டத்துக்காக சான் பிரான்சிஸ்கோ போகும் வழியில் மினியாபொலிஸில் இறங்கினார். பெட்டியில் அந்த மருந்து இருந்ததைச் சுங்கத்தார் கண்டார்கள். அவரைச் சிறையில் வைத்தார்கள். இத்தொற்று உள்ளவர்கள் நுழையக்கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 2010 தொடக்கம் வரை இருந்தது. அதனாலேயே 1992இல் பாஸ்டனில் நடக்கவிருந்த மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றப்பட்டது. ஏலத்தோட்ட ஜீப்பில் சீட்டைக் கிழித்த என் பெண்கள் அறியாமையால் அப்படிச் செய்தவர்கள் அல்லர் என்பது அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்கு முழுமையாக உறைத்தது.

புறப்படுவதற்கு முந்தைய இரவு பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். யாராவது விவரம் கேட்டால் பார்த்துச் சொல்லலாம் என்று என் குறிப்பேட்டையும் உள்ளே வைத்தேன். கணவர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பை தொலைஞ்சுபோச்சுன்னா என்ன செய்வ?" என்று கேட்டார். கடவுச்சீட்டை நினைத்துத்தான் கேட்டார். என் கை குறிப்பேட்டின் மேல் இருந்தது. அதில் அத்தனை பெண்களின் பெயரும் ஊரும் தெருவும் இருந்தன.

இதுவரை ஒப்புரவு அருளடையாளத்தில் அன்றி வேறெங்கும் நான் சொல்லாத ஒன்றை இவ்விடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், வேறோர் இடத்தில் வேலை பார்த்தேன். ஒருநாள் தொலைபேசி மணி அடிக்க, பதிவேட்டை மேசைமேல் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்து போனேன். இரண்டு நிமிடம் இருக்கும். எதிரே உட்கார்ந்திருந்தவள் அதில் பெயரெழுதப்பட்ட பெண்ணுக்கு அடுத்த வீட்டுக்காரி. ஒரு வாரத்துக்குள் தெருக்குழாயில் அந்தப் பெண்ணின் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. மாத முடிவில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். திருப்பூருக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு போக வந்தாள். இரண்டு பிள்ளைகள் கூட இருந்தார்கள். "நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க, சிஸ்டர். எனக்குத் தெரியும்" என்றாள். நான் தலையைக்கூட அசைக்கவில்லை. பிறகு அவளை எங்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று இத்தகைய இரகசியத்தைக் காக்கச் சட்டமே இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அன்று எங்களுக்கு இருந்தது மேசை இழுப்பறைச் சாவி ஒன்றுதான். அதையும் நான் பூட்டாமற்போனேன்.

அன்றிரவு குறிப்பேட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். வேண்டிய விவரங்களை மட்டும் வேறு தாளில் பெயர் நீக்கி எண்ணிட்டு எழுதினேன். ஊர்ப் பெயர்களையும் விட்டுவிட்டு மலைப்பாதை என்று மட்டும் குறித்தேன். ஒரு பெண்ணுக்கு மூன்று மகள்கள், இரட்டைப் பிள்ளைகள் என்று இருந்தது. அது ஒன்றே போதும் ஊரார் அடையாளம் காண. அதையும் அடித்தேன். கணினிக் கோப்பிலும் அப்படியே செய்தேன். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியலை விடிந்ததும் மருத்துவமனை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மருத்துவரிடம் கொடுத்தேன். துணிமணி அடுக்கி முடிக்கவே நேரமில்லை.

ஜூலை 16 மாலை பேருந்தேறி, மறுநாள் காலை கோயம்பேட்டில் இறங்கி உறவினர் வீட்டில் தங்கினேன். நள்ளிரவுக்கு மேல் விமானம். இரவு உணவின்போது தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற எம்.எச். 17 விமானம் கிழக்கு உக்ரைனில் வீழ்ந்துவிட்டது. இருந்த 298 பேரும் இறந்தார்கள். சுட்டு வீழ்த்தப்பட்டது என்ற பேச்சு அப்போதே எழுந்தது. அதில் மெல்போர்ன் மாநாட்டுக்குச் செல்வோர் இருந்தார்கள் என்றும், நூறு பேர் என்றும் அடுத்தடுத்துச் செய்தி வந்தது. பின்னர் ஆறு பேர் என்று உறுதியாயிற்று.

வீட்டுக்கு அழைத்தேன். அத்தைதான் எடுத்தார். "வந்துரு தாயி. மாநாடு இன்னொரு வருசம் நடக்கும்" என்றார். பிறகு கணவர் வாங்கினார். நம் விமானம் வங்காள விரிகுடாவின் மேல்தான் போகும், அந்த வழி வேறு, இந்த வழி வேறு என்று எனக்குச் சொல்வதுபோலத் தமக்கே சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"உனக்கு என்ன தோணுது?"

"போகணும்னு தோணுது."

"அப்பப் போ. இறங்கினதும் கூப்பிடு."

மகள் தொலைபேசிக்கு வரவில்லை. அன்று நான் துணிவோடு போனேன் என்று எண்ணிவிடாதீர்கள். விமானம் தரையை விட்டெழும்போது செபமாலையில் எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

மாநாடு 20ஆம் நாள் மாலை மௌன அஞ்சலியோடு தொடங்கியது. இறந்தவர்களுள் யூப் லாங்கே என்ற டச்சு மருத்துவர் பெரியவர். பன்னாட்டு எய்ட்ஸ் கழகத்தின் தலைவராக இருந்தவர். ஆப்பிரிக்காவின் மூலைமுடுக்குக்கெல்லாம் குளிர்ந்த கோக்கோ கோலா போய்ச் சேரும்போது மருந்து போய்ச் சேர முடியாதா என்று கேட்டவர் அவர்தான். அவருடைய துணைவி ஜாக்லின் வான் டோங்கரனும் உடன் இறந்தார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளர் கிளென் தாமசும் இறந்தார். பயணத்தில் எந்த முன்னெச்சரிக்கையை அவர்கள் தவறவிட்டார்கள்? எதையும் இல்லை.

தங்குமிடத்தின் தொலைக்காட்சியில் உக்ரைன் வயல்வெளியைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். பெட்டிகள் பிளந்து கிடந்தன. கடவுச்சீட்டுகள், புத்தகங்கள், குழந்தைகளின் பொம்மைகள். செய்தியாளர்கள் அவற்றினூடே நடந்தார்கள். எனக்குக் கண் அந்தத் தாள்களின் மேலேயே போயிற்று. அவற்றுள் யாருடைய குறிப்பேடாவது இருக்குமோ, அதில் யாருடைய பெயராவது இருக்குமோ என்று நினைத்தேன். பிறகு தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.

என் போஸ்டருக்கு முன் அதிகம் பேர் நிற்கவில்லை. ஜாம்பியாவிலிருந்து வந்திருந்த ஒரு செவிலி மட்டும் நெடுநேரம் நின்றாள். சுருக்குப்பையின் படத்தைத் தொட்டுக் காட்டி, தங்கள் ஊரில் இடுப்புத் துணியின் முடிச்சில் வைப்பார்கள் என்றாள். இருவரும் சிரித்தோம்.

ஊர் திரும்பிய வாரத்தில் ஏழாம் எண்ணுக்குரிய பெண் மருந்து விவரம் கேட்க வந்தாள்.

"அங்க எம் பேரைச் சொன்னீங்களா?"

"இல்லத்தா. ஒருத்தர் பேரும் சொல்லல."

"படம்?"

"நம்ம ஜீப் படந்தான். ஆளில்லாம சும்மா நிக்கிறப்ப எடுத்தது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நம்பர் தெரியுதா?" என்றாள்.

நான் அதை எண்ணிப் பார்த்திருக்கவே இல்லை. உள்ளே போய், சுருட்டி வைத்திருந்த போஸ்டரை எடுத்துவந்து மேசைமேல் விரித்தேன். இருவரும் குனிந்து பார்த்தோம். ஜூன் மாதத்து மழைச்சேறு நம்பர் பலகையை முழுக்க மூடியிருந்தது.